மார்ச்சில் ஓர் ஏரி, அக்டோபரில் வேறோர் ஏரி

காரைக்குடிப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்குக் கண்மாய் என்றால் தண்ணீர் வந்து சேர வரத்துக்கால் ஒரு புறம், நிரம்பி வழிந்தோடக் கலுங்கு மறுபுறம்; மறுகால் பாய்ந்து போன தண்ணீர் திரும்பி வருவதில்லை. கம்போடியாவின் தொன்லே சாப் ஏரியில் இந்தக் கணக்கு செல்லாது. மழை ஓய்ந்த பின் ஏரி நீரைத் தெற்கே கொண்டுபோய்ப் புனோம் பென் நகரருகே மீகாங்கில் சேர்க்கும் ஆறு, பருவமழையில் மீகாங் பெருகியதும் திசை மாறி, ஏறத்தாழ ஜூன் முதல் அக்டோபர் வரை, ஏரிக்குள்ளேயே பாய்கிறது. வீட்டில் இதைச் சொன்னபோது, "ஏண்டா தம்பி, கலுங்கு வழியாத் தண்ணி உள்ள வருமாக்கும்?" என்று அப்பத்தா சிரித்தார்கள்.

கோடையில் சுமார் 2,500 சதுர கிலோமீட்டராக ஒடுங்கிக் கிடக்கும் ஏரி, வெள்ளக் காலத்தில் 10,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டுகிறது. அதாவது நம் சிவகங்கை மாவட்டத்தைப் போல் இரு மடங்குக்கும் மேல்.

சியம் ரீப் அருகிலுள்ள கம்போங் புலுக் கிராமத்தில் மார்ச்சில் நான் நடந்தது புழுதித் தெருவில். உயர்ந்த கால்களின் மேல் வீடுகள் நின்றன. அண்ணாந்து பார்த்தால்தான் வாசல் தெரிந்தது. தெருவில் விரித்த பாய்களில் இறால் காய்ந்துகொண்டிருந்தது. வெயில் நம் சித்திரை வெயிலுக்குச் சளைத்ததன்று. அக்டோபரில் அதே தெருவுக்கு மேல் படகில் போனேன். மார்ச்சில் எட்டாத வாசற்படியில் படகைக் கட்டியிருந்தார்கள், ஊரை அடுத்த காட்டில் மரங்களின் தலை மட்டுமே வெளியே தெரிந்தது. மூழ்கிய அந்தக் காட்டில்தான் மீன் குஞ்சுகள் இரை தேடி வளர்கின்றன. நீர் வடியும்போது அவை ஆற்றுக்குத் திரும்ப, வரிசையாகக் கட்டிய பை வலைகள் காத்திருக்கின்றன. சிக்கிய சிறுமீன்களை உப்பிட்டுப் புளிக்கவைத்த பிராஹோக் இல்லாமல் அந்நாட்டுச் சமையல் நடக்காது.

கோடையில் போகாதீர்கள், சேறுதான் இருக்கும் என்பார்கள். முதலில் கோடையில்தான் போக வேண்டும் என்பது என் கட்சி. வெறுங்காலாக நிற்கும் வீடுகளைப் பாராதவருக்கு அக்டோபரின் ஆழம் விளங்காது. அந்த ஆழமும் இப்போது உறுதியில்லை. மழை குறைந்ததாலும், மீகாங்கின் மேற்பகுதி அணைகள் நீரைத் தேக்கியதாலும், 2019, 2020 ஆண்டுகளில் ஆறு திசை மாறுவது வெகுவாகத் தாமதப்பட்டது.

ஒரு முறைதான் போக முடியும் என்பவர்கள் டிசம்பர் இறுதியைத் தேர்ந்துகொள்ளலாம். அப்போது படகும் போகும், வீட்டுக் கால்களும் தெரியத் தொடங்கும். ஏரியை ஒட்டிய பிரெக் தோல் பறவைகள் சரணாலயத்தில், நம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தில் காணும் நத்தைகுத்தி நாரையையும் பார்த்துவிடலாம்.