காத்திருந்தேன் – 3 மணி நேரம்

கல்லூரிகளில் நாட்டு நலப்பணித் திட்ட (என்.எஸ்.எஸ்.) பொறுப்பு யாருக்குப் போகும் என்பதற்கு எழுதாத விதி ஒன்று உண்டு. கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவர் யாரோ, முடியாது என்று சொல்லத் தெரியாதவர் யாரோ, அவருக்குத்தான். 2022-ல் எங்கள் கல்லூரியில் அந்த இரண்டு பேரும் நானே. வணிகவியல் எடுக்க வந்தவளிடம் முதல்வர் ஒரு பீரோ சாவியையும் நூறு மாணவர்களின் பெயர்ப் பட்டியலையும் கொடுத்து, "நல்லபடியா பாத்துக்கங்கம்மா" என்றார். பீரோவுக்குள் பன்னிரண்டு மண்வெட்டிகள், பிடி கழன்ற அரிவாள்கள், சுருட்டி வைத்த பழைய பேனர்கள், எப்போதோ நடந்த ரத்ததான முகாமில் மிஞ்சிய பிஸ்கட் பாக்கெட்டுகள். பிஸ்கட்டில் தேதி பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இந்தப் பொறுப்பில் இருப்பவர்களுக்குத் தீபாவளி, பொங்கலைவிடப் பெரிய நாள் செப்டம்பர் 24. 1969-ல் காந்தி நூற்றாண்டை ஒட்டி, அன்றைய மத்திய கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் 37 பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ 40,000 மாணவர்களோடு இந்தத் திட்டத்தைத் தொடங்கிவைத்த நாள் அது. முதலாண்டு மாணவர்களுக்கு நடக்கும் அறிமுகக் கூட்டத்தில் இதை ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன். பொறுமையாகக் கேட்டுக்கொள்வார்கள். அவர்கள் கண் திறப்பது சட்டையில் குத்தும் சின்னத்தைக் காட்டும்போதுதான். கொனாரக் கோயில் தேர்ச் சக்கரம், அதில் எட்டு ஆரம், எட்டும் சேர்ந்து நாளின் 24 மணி நேரம். "அப்ப 24 மணி நேரமும் சேவை பண்ணணுமா மேடம்?" என்று எவனாவது ஒருவன் கேட்காமல் இருந்ததில்லை. வேண்டாம்ப்பா, வருடத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருடத்தில் 240, அப்புறம் ஏழு நாள் சிறப்பு முகாம், அது போதும் என்பேன். ஒரு பெருமூச்சு கேட்கும்.

சான்றிதழுக்காகச் சேர்கிறார்கள் என்று சக ஆசிரியர்கள் குறைப்படுவார்கள். சேரட்டுமே. சிலர் வேனில் போகலாம் என்று வருகிறார்கள், சிலர் எலுமிச்சை சாதப் பொட்டலத்துக்கு. பெண் பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் அனுமதி கிடைக்கிற ஒரே வெளியூர்ப் பயணம் இந்த முகாம்தான். எதற்கு வந்தால் என்ன, வந்த பிறகு என்ன வேலை கொடுக்கிறோம் என்பதல்லவா பேச்சு. அங்கேதான் நான் முதல் வருடம் கோட்டை விட்டேன்.

எங்கள் கல்லூரி தத்தெடுத்திருந்த ஊர் சிவகங்கைப் பக்கம். ஆயிரத்துச் சொச்சம் பேர். ஊருக்கு மேற்கே ஓர் ஊருணி, அதன் வயிறு முழுக்கச் சீமைக்கருவேலம். அந்த மரத்தை வெட்டுவது எங்கள் வட்டாரக் கல்லூரிகளுக்குப் பழகிய சேவை. 2017-ல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டபோது, அரிவாளோடு படம் எடுத்துக்கொள்ளாத கல்லூரி இந்தப் பக்கத்தில் குறைவு. ஆகவே நானும் யோசிக்கவில்லை. சுற்றறிக்கை வந்தது, பேனர் அடித்தேன், எழுபது பேரை அழைத்துக்கொண்டு போனேன்.

காலை எட்டு மணியிலிருந்து இரண்டு மணி வரை வெட்டினோம். உண்மையிலேயே வெட்டினோம், அதில் குறை சொல்ல முடியாது. ஒரு பையனுக்குச் செருப்பைத் துளைத்து முள் ஏறி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போட்டுத் திரும்பி வந்து மறுபடியும் அரிவாளை எடுத்தான். மதியம் பார்த்தால் ஊருணியில் பாதி வெளிச்சமாகிவிட்டது. வெட்டிய முள்ளைக் கரையில் குவித்தோம். முதல்வர் வந்தார், பேனரை விரித்தோம், படம் எடுத்தோம். எல்லோருக்கும் ஆளுக்கு ஆறு மணி நேரம் என்று பதிவேட்டில் எழுதினேன். 120-ல் ஆறு, அதாவது இருபதில் ஒரு பங்கு ஒரே நாளில் முடிந்தது. வேனில் பிள்ளைகள் பாடிக்கொண்டே வந்தார்கள். நானும் கொஞ்சம் சேர்ந்து பாடினேன் என்று நினைக்கிறேன்.

சிறப்பு முகாமுக்காக ஊரைப் பார்க்க ஐந்து மாதம் கழித்துத் திரும்பிப் போனேன். நடுவில் மழைக்காலம் போயிருந்தது. ஊருணியில் நாங்கள் வெட்டிய இடத்தைத் தேடினேன். ஒவ்வொரு அடிக்கட்டையிலிருந்தும் ஐந்தாறு கிளை புதிதாகக் கிளம்பி இடுப்புயரம் நின்றது. முன்பு ஒரு மரம் இருந்த இடத்தில் இப்போது ஒரு புதர். கரையில் ஆடு ஓட்டிக்கொண்டிருந்த அப்பத்தா ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"ஏத்தா டீச்சரு, முடி வெட்டுன மாதிரில்ல வெட்டிட்டுப் போயிருக்கீக. வேரைத் தோண்டாம அது எப்பிடித்தா சாகும்?"

எனக்குப் பதில் இல்லை. அவரே உட்கார வைத்து விளக்கினார். ஆடு இந்த மரத்தின் காயைத் தின்கிறது, விதை சாகாமல் புழுக்கையோடு விழுகிறது, விழுந்த இடமெல்லாம் முளைக்கிறது. தூரோடு பெயர்க்க இயந்திரம் வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். அதுவும் போக, இந்த மரம் மொத்தமாகப் போனால் அடுப்புக்கு விறகு எங்கே, கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற நாலு குடும்பம் எங்கே போகும்? இவ்வளவும் சொல்லிவிட்டுக் கடைசியாக ஒன்று சொன்னார்: "உள்ள இருக்கிற முள்ளா இப்ப தொந்தரவு? வரத்துக்கால் தூர்ந்து கெடக்கு. தண்ணி வந்தாத்தானே அது ஊருணி?"

ஊருணிக்குள் எழுபது பேரை இறக்கியிருக்கிறேன். அதற்குத் தண்ணீர் எந்த வழியாக வரும் என்று ஒருவரையும் கேட்கவில்லை. வணிகவியலில் சரக்கு வரத்து, இருப்பு என்று பக்கம் பக்கமாகப் பாடம் எடுப்பவள் நான்.

அடுத்த வருடம், 2023-ல், செப்டம்பர் 24 ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது. அரிவாளை எடுக்க வேண்டாம், அளவு நாடாவும் நோட்டும் போதும் என்றதும் பையன்களுக்கு முகம் தொங்கிவிட்டது. வரத்துக்கால் எங்கே தொடங்குகிறது என்று அப்பத்தாவும் ஊர்ப் பெரியவர் ஒருவரும் முன்னால் நடக்க, நாங்கள் பின்னால் நடந்தோம். கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர். எங்கே தூர்ந்திருக்கிறது, எவ்வளவு அகலம், எங்கே குப்பை கொட்டுகிறார்கள் என்று ஐம்பது அடிக்கு ஒருமுறை நின்று குறித்தார்கள். ஊருக்குச் சற்று முன்னால் கால்வாய் சட்டென்று காணாமல் போனது. மனை போட்டு விற்க வந்தவர்கள் குறுக்கே செம்மண் அடித்துப் பாதை போட்டிருந்தார்கள். அடியில் குழாய்கூட வைக்கவில்லை. தண்ணீர் அதற்கு மேல் எப்படிப் போகும்?

படம் எடுக்க எதுவுமே இல்லாத நாள் அது. காட்டில் நாற்பது பேர் தலை குனிந்து நடந்துகொண்டிருக்கும் படங்கள்தான் இருந்தன. தர மதிப்பீட்டுக் கோப்புக்குப் படம் கேட்டவர், "என்ன மேடம், ஏதோ தொலைச்சிட்டுத் தேடுற மாதிரி இருக்கு" என்றார். தேடிக்கொண்டுதான் இருந்தோம் என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்துக்கு வாயில் வரவில்லை.

அந்தக் குழுவில் அதே ஊர்ப் பெண் ஒருத்தி இருந்தாள். இரண்டாமாண்டு, பத்தொன்பது வயது, வகுப்பில் பெயர் சொல்லி அழைத்தால்கூட எழுந்து நின்று தரையைப் பார்க்கிற பிள்ளை. எட்டு நாள் கழித்து அக்டோபர் 2, கிராம சபை. நான் பேச முடியாது, அந்த ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர்களுக்குத்தான் அந்தச் சபை. பட்டியலில் அவள் பெயர் இருந்தது. "இந்த அளவையெல்லாம் சபையில நீ வாசிக்கிறியாம்மா?" என்றேன். இரண்டு நாள் பதிலே இல்லை. மூன்றாம் நாள், எந்த நிலம் என்ன வகை என்று அரசு எழுதி வைத்திருக்கும் அ-பதிவேட்டின் நகலோடு வந்து நின்றாள். பாதை போட்ட இடம் பதிவேட்டில் இன்னும் வாய்க்கால் என்றே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினாள். இதைத் தேட நான் அவளிடம் சொல்லவே இல்லை.

கிராம சபையில் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். அந்த ஊர் மக்கள் தொகைக்கு நூறு பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புகிறவர்கள் கிளம்பிக்கொண்டே இருந்தார்கள். அவள் எழுந்தபோது காகிதம் நடுங்கியது எனக்கே தெரிந்தது. அளவுகளை வாசித்தாள், பதிவேட்டை வாசித்தாள். மேடையிலிருந்து, "சரிம்மா, பாப்போம்" என்று பதில் வந்தது. அவள் உட்காரவில்லை.

"பாப்போம்னு புத்தகத்துல எழுத முடியாதுல்லண்ணே. தீர்மானம்னு எழுதுங்க."

பெண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. எழுதினார்கள்.

எழுதியதோடு முடிந்துவிடவில்லை. தீர்மான நகல் வாங்க, அதை வைத்து மனு கொடுக்க, மனு எங்கே இருக்கிறது என்று கேட்க, அந்தப் பெண்ணும் கூட இரண்டு பிள்ளைகளும் வகுப்பு முடிந்து அலைந்தார்கள். 2022 முதல் கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை என்றாகியிருந்தது நல்லதாகப் போயிற்று. நவம்பர் 1 கூட்டத்தில் திரும்பவும் எழுந்து, போன தீர்மானம் என்ன ஆயிற்று என்று கேட்க முடிந்தது.

மாதக் கடைசியில் மாணவர்களின் பணிக் குறிப்பேடுகளைத் திருத்துவேன். தேதி, செய்த பணி, மணி நேரம் என்று மூன்று கட்டம். அவள் குறிப்பேட்டில் ஒரு தேதிக்கு எதிரே இப்படி எழுதியிருந்தது: "அலுவலகத்தில் காத்திருந்தேன் – 3 மணி நேரம்."

கூப்பிட்டுக் கேட்டேன். "இதை அரசு அலுவலகத் தொடர்புப் பணின்னு மாத்திரலாமா?"

"காத்துக்கிட்டுத்தானே மேடம் இருந்தேன்" என்றாள். "அதிகாரி அன்னைக்கு வரல."

கணக்கில் சேர்க்கலாமா என்று ஒரு நாள் முழுக்கக் குழம்பினேன். வெட்டியது, நட்டது, பெருக்கியது, ரத்தம் கொடுத்தது எல்லாவற்றுக்கும் படிவத்தில் இடம் இருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்திருந்ததற்கு இல்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால், முதல் வருடம் எழுபது பேருக்கு ஆறாறு மணி என்று 420 மணி நேரம் எழுதியவள் நான்தான். அதில் விளைந்தது புதர். கையெழுத்துப் போட்டேன். மறு வருடம் ஆய்வுக்கு வந்தவர் அந்த வரியில் பேனாவை வைத்து என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

பலன் என்று பார்த்தால் பாதிதான். நூறு நாள் வேலையில் கால்வாயின் மேல்பக்கம் தூர் எடுத்தார்கள். செம்மண் பாதை அப்படியே இருக்கிறது. ஊர் ஆட்கள் மழைக்கு முன்னால் அதை ஓரிடத்தில் வெட்டி வழி விடுகிறார்கள், மனைக்காரர்கள் மழை முடிந்ததும் மூடிவிடுகிறார்கள். முதல்முறை வெட்டிவிட்ட மழைக்கு ஊருணியில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றதாம். அந்தப் பெண் படத்தை அனுப்பியிருந்தாள். படத்தில் தண்ணீரைவிட அதில் நின்ற எருமைதான் நன்றாகத் தெரிந்தது.

2024-ல் திட்டத்தில் அவளுடைய இரண்டு வருடம் முடிந்துவிட்டது. செப்டம்பர் 24-க்குப் புதுப் பிள்ளைகளோடு மறுபடியும் அந்த ஊர். எங்கே தொடங்குவது என்று கேட்க நேராக அப்பத்தா வீட்டுக்கே போனோம். வாசலில் சீமைக்கருவேல விறகு அடுக்கி வைத்திருந்தது, மேலே மழைக்குப் போர்த்திய நீல நிற பிளெக்ஸ். எங்கேயோ பார்த்த நீலம். கிட்டப் போய்ப் பார்த்தால் எங்கள் பேனர், முதல் வருடம் கரையிலேயே விட்டுவிட்டு வந்தது. முதல்வர் பெயர் மடிப்புக்குள் போயிருந்தது. "எனக்காக அல்ல, உனக்காக" என்ற வாசகத்தில் "உனக்காக" மட்டும் வெளியே தெரிந்தது. அதன் மேல் கோழி ஒன்று உட்கார்ந்திருந்தது.

பிள்ளைகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்கள். அப்பத்தா உள்ளேயிருந்து சொம்பில் தண்ணீரோடு வந்தார்.

"வாங்கத்தா. இந்த வருசமும் படுதா கொண்டாந்திருக்கீகளா? இது ஓரத்துல கிழிஞ்சு போச்சு."