காற்றாடி மலையில் ஒரு மதியம்

ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் காற்று ஆளையே தள்ளும். கணவாய் வழியாக வருகிற அந்தக் காற்றை நம்பித்தான் முப்பந்தல் வரைக்கும் காற்றாலைகள் நிற்கின்றன. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நானும் நாத்தனாரும் காற்றாடி மலைக்கு நடந்தோம். 1752 ஜனவரி 14 அன்று தேவசகாயம் பிள்ளையைச் சுட்டுக் கொன்றது இங்கேதான்.

2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். இந்தியாவில் குருவோ துறவியோ அல்லாத ஒருவருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அதுவே முதல் தடவை. சாதிப் பெயர் வேண்டாம் என்று 'பிள்ளை'யை எடுத்துவிட்டார்கள். சரியான காரியம்தான். ஆனால் சின்ன வயதிலிருந்து சொல்லிப் பழகிய வாய் கேட்க மாட்டேன் என்கிறது.

நட்டாலத்தில் பிறந்த தேவசகாயத்தின் முதல் பெயர் நீலகண்டன். மார்த்தாண்டவர்மா மகாராஜாவின் அரண்மனை அலுவலர். திடீரென்று மாடுகள் செத்தன, பயிர் பொய்த்தது, வீட்டில் கஷ்டம். 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் படைக்கே தளபதியான டச்சுப் படை அதிகாரி டிலனாய் அவருக்குச் சொன்னது பைபிளில் வரும் யோபின் கதை. எனக்கு இது எப்போதும் ஆச்சரியம். கஷ்டத்தில் இருக்கிறவனிடம் 'எங்கள் சாமியிடம் வா, எல்லாம் சரியாகும்' என்று சொல்லாமல், எல்லாவற்றையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்து ஓட்டால் புண்ணைச் சொறிந்த ஒரு மனுஷனைக் காட்டியிருக்கிறார். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் வாங்கினார் நீலகண்டன். அதற்கப்புறம் கஷ்டம் தீர்ந்ததா என்றால், இல்லை. சிறை, சாட்டையடி, எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துப்போனது, கடைசியில் துப்பாக்கிக் குண்டு.

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தபோது, பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். நேர்ச்சை பாக்கி இருக்கா? வீட்டு வாசல் சரியில்லையோ? ஜெபம் குறைந்துபோச்சோ? யோபின் நண்பர்களும் இப்படித்தான். ஆனால் அவர்கள் முதல் ஏழு நாள் வாயைத் திறக்காமல் கூட உட்கார்ந்திருந்தார்கள். நம் சொந்தக்காரர்களுக்கு ஏழு நிமிஷம்கூடத் தாங்கவில்லை.

வியாகுல மாதா கோயிலில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு மேலே போனோம். மணியடிச்சான் பாறை அங்கேதான் இருக்கிறது. தேவசகாயத்தைச் சுட்ட நேரத்தில் மலையிலிருந்து உடைந்து விழுந்து மணி மாதிரி ஒலித்தது என்பது ஊர் வழக்கு. கீழே கிடந்த ஒரு கல்லை எடுத்து நானும் தட்டினேன். பாறைச் சத்தமே இல்லை, சுத்தமான வெண்கல ஓசை. பக்கத்தில் தட்டிக்கொண்டிருந்த ஒரு பாட்டி என் முகத்தைப் பார்த்தார். "என்ன மக்களே, வீட்ல சொகமில்லையா?" என்றார். ஆமாம் என்றேன். காரணம் எதுவும் சொல்லவில்லை அவர். "இரி, கொஞ்சம் காத்து வாங்கு" என்று நிழலில் இடம் விட்டார். பக்கவாதம் வந்த நாளிலிருந்து அடக்கி வைத்திருந்ததை எல்லாம் அங்கே உட்கார்ந்து அழுது தீர்த்தேன். யோபுவும் பொறுமையாக மட்டும் இருக்கவில்லை. பிறந்த நாளைச் சபித்தார், கடவுளிடம் நியாயம் கேட்டார். அவ்வளவு பேசியும் ஆண்டவர் கடைசியில் கோபப்பட்டது அந்த நண்பர்கள் மேல்தான்.

அப்புறம் பேருந்து பிடித்து கோட்டாறு சவேரியார் கோயிலுக்குப் போனோம். தேவசகாயத்தை அடக்கம் செய்தது அங்கே. முழந்தாளிட்டு, வீட்டுக்காரரைத் தினமும் தூக்கி உட்காரவைக்க என் இடுப்புக்குத் தெம்பு கொடும் என்று மட்டும் வாய்விட்டுக் கேட்டேன். குணமாக்கும் என்று கேட்க ஏனோ கூச்சமாக இருந்தது.

"அதையும் சேர்த்துக் கேளுங்க மைனி" என்றாள் நாத்தனார். "கேட்டா என்ன, கொறைஞ்சா போயிருவீங்க?"

சரி என்று அதையும் கேட்டேன்.