மூன்று ஹெட்டும் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள்

போன மாதம் மாமாவின் டிராக்டரில் இன்டேக் மேனிஃபோல்டை, அதாவது சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாயைக் கழற்றியபோது இரண்டாவது சிலிண்டர் வாயில் ஒரு செம்மண் கோடு இருந்தது. இடுக்கை அடைக்கும் கேஸ்கெட்டின் மேல் ஓரத்தில் தொடங்கி, காற்று போகும் போர்ட்டுக்குள் இறங்கியிருந்தது, ஈர விரலில் குங்குமத்தைத் தொட்டு இழுத்த மாதிரி. ஒன்றாவது, மூன்றாவது வாய்கள் இரண்டும் கறுப்பாக, லேசான எண்ணெய்ப் பசையோடு சுத்தமாக இருந்தன. பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது, ஏனென்றால் அந்த எஞ்சினை ஓவர்ஹால் செய்து எட்டு மாதம்கூட ஆகவில்லை.

நாங்கள் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம். முன்பு ரப்பர் பால்மரமாக இருந்த இடங்களில் இப்போது செம்பனை நிற்கிறது. மாமா தோட்டத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கையில் இருந்த காசில் ஒரு பழைய டிராக்டரை வாங்கி, சிறு தோட்டம் வைத்திருப்பவர்களுக்குக் குலை இழுத்துக் கொடுக்கிறார். வெட்டிய குலையை ஒரு நாளுக்குள் ஆலையில் சேர்த்துவிட வேண்டும், கிடக்கக் கிடக்க எண்ணெயில் அமிலம் ஏறும், விலை இறங்கும். அதனால் அந்த வண்டி ஒரு நாள் படுத்தால் நாலைந்து குடும்பத்துக்கு அடி.

எஞ்சின் டாய்ட்ஸ் 912 வகை, மூன்று சிலிண்டர், 2.8 லிட்டர், ஏர் கூல்ட். தண்ணீரும் இல்லை, ரேடியேட்டரும் இல்லை. நல்ல உறுதியான எஞ்சின், எனக்கு மிகவும் பிடித்தது. சிலிண்டரின் மேல் மூடிதான் ஹெட். காரில் இருப்பது போல எல்லா சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே ஹெட் இதில் கிடையாது, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி ஹெட். மூன்று ஹெட்டின் பக்கத்திலும் சேர்த்து ஒரே மேனிஃபோல்டை முடுக்க வேண்டும். சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

மாமா முதலில் வந்து சொன்னது இதுதான்: "தம்பி, வண்டி ஆயில் குடிக்குதுடா. காலையில ஸ்டார்ட் எடுக்கவும் கஷ்டமா இருக்கு." எஞ்சின் அடிப்பகுதியின் காற்றை வெளியே விடும் பிரீதர் குழாயைப் பார்த்தால் புகை குபுகுபு என்று வந்தது. புது ரிங், புது லைனர் போட்ட எஞ்சினில் இது வரவே கூடாது. தூசி உள்ளே போய் ரிங்கைத் தேய்த்திருக்குமோ என்று ஏர் ஃபில்டரைக் கழற்றினேன், நன்றாக இருந்தது. ஃபில்டரிலிருந்து வரும் ரப்பர் குழாய், கிளிப் எல்லாம் சரி. மேனிஃபோல்ட் வாய்க்குள் வெள்ளைத் துணியைச் சுற்றிய விரலை விட்டுத் துடைத்தேன், அங்கேயும் சுத்தம். அப்படியானால் தூசி அதற்கும் பிறகு எங்கேயோ நுழைகிறது.

பெட்ரோல் எஞ்சினில் இன்டேக் கசிந்தால் எஞ்சினே சொல்லிவிடும். ஐடில் ஏறும், இறங்கும், உதறும், சில சமயம் உஸ்ஸென்று சத்தம்கூடக் கேட்கும். டீசலில் அது கிடையாது. இந்த மாதிரிப் பழைய டீசலில் காற்றை அடைக்கும் பட்டர்ஃபிளை இல்லாததால் மேனிஃபோல்டுக்குள் வேக்கும், அதாவது உறிஞ்சல், மிகக் குறைவு, கூடுதலாகக் கொஞ்சம் காற்று உள்ளே போனாலும் எஞ்சின் பாட்டுக்கு ஓடும், இழுவையும் குறையாது. ஆனால் போகிற காற்று ஃபில்டரைத் தாண்டாத காற்று. 2,000 சுற்றில் இந்த எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2,400 லிட்டர் காற்றை இழுக்கிறது. அதில் ஒரு சிறு பங்கு, வெயில் காலத்துத் தோட்டச் சடக்கின் (மண் சாலையின்) செம்மண் தூசியோடு, நேராகச் சிலிண்டருக்குள் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மணல் தாள் போட்டு லைனரைத் தேய்ப்பதும் இதுவும் ஒன்றுதான். இன்னொன்றும் இருக்கிறது. ஃபில்டர் அடைக்க அடைக்க அதற்குப் பின்னால் உறிஞ்சல் கூடும், உறிஞ்சல் கூடினால் அந்த இடுக்கு வழியாக இன்னும் அதிகமாகத் தூசி போகும். ஃபில்டர் அழுக்கானால் இழுவைதான் குறையும் என்று நினைத்துத் தள்ளிப்போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கசிவைக் கண்டுபிடிக்க ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரேயை மேனிஃபோல்டைச் சுற்றி அடித்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து டீசலில் அதைச் செய்யாதீர்கள். உள்ளே இழுத்த ஸ்ப்ரே நேரம் தவறி வெடிக்கும், ரிங்கும் பிஸ்டனும் உடையலாம். நான் செய்வது சோப்பு நுரை. எஞ்சினை நிறுத்தி, மேனிஃபோல்டின் காற்று வாயை ஒரு ரப்பர் மூடியால் அடைத்து, அதில் டியூப் வால்வு ஒன்றைச் செருகி, கொம்ப்ரசரிலிருந்து மூன்று, நான்கு பிஎஸ்ஐ மட்டும் விட வேண்டும். ஏதாவது ஒரு சிலிண்டரில் இரண்டு வால்வும் திறந்து நின்றால் காற்று எக்ஸாஸ்ட் வழியே ஓடிவிடும், அதனால் எஞ்சினைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, காற்று நிற்கிற இடத்தில் நிறுத்த வேண்டும். அப்புறம் சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவினேன். இரண்டாவது ஹெட்டின் மேல் பக்கத்தில் மட்டும் சின்னச் சின்ன நுரை வரிசையாக எழுந்தது. மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இங்க பாருங்க மாமா, இந்த வழியாத்தான் மண்ணு போகுது." அவர் குனிந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை.

மேனிஃபோல்டைக் கழற்றி, மூன்று ஹெட்டின் முகத்திலும் சேர்த்து ஒரு நேரான இரும்புப் பட்டையை வைத்து, பின்னாலிருந்து டார்ச் அடித்தேன். நடு ஹெட்டில் ஒரு பக்கம் வெளிச்சம் தெரிந்தது, இடுக்கை அளக்கும் ஃபீலர் தகட்டில் 0.30 மி.மீ. தாராளமாகப் போனது. ஹெட் லேசாகத் திரும்பி உட்கார்ந்திருக்கிறது. போல்ட் ஓட்டைகளில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும் இல்லையா, ஓவர்ஹால் செய்த பட்டறையில் ஹெட்டை வைத்து, நேர் பார்க்காமலே இறுதி வரை முடுக்கிவிட்டார்கள். அப்புறம் மேனிஃபோல்ட் சரியாக உட்காரவில்லை என்றதும் சிலிக்கோன் பசை வைத்து, ஹெட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டட் கம்பிகளின் நட்டுகளை இறுக்கி இழுத்திருக்கிறார்கள். மேனிஃபோல்டின் காது வளைந்திருந்தது. பிதுங்கிய சிலிக்கோன் ஒரு பட்டாணி அளவுக்குப் போர்ட்டுக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. அது பிய்ந்து வால்வில் மாட்டியிருந்தால் கதையே வேறு.

இதற்குக் குறுக்கு வழி கிடையாது. இந்த எஞ்சினில் சிலிண்டரை ஹெட்தான் அழுத்திப் பிடித்திருக்கிறது, நீள போல்ட்டுகள் ஹெட் வழியாகக் கீழே கிராங்க்கேஸ் வரை போகின்றன. ஹெட்டைத் தளர்த்தினால் சிலிண்டரும் தளர்ந்துவிடும், வால்வை இயக்கும் புஷ்ராட் கம்பிகளின் குழாய்களில் உள்ள ரப்பர் வளையங்களும் அசைந்துவிடும். நமக்கு எப்படியும் ரிங் தேய்ந்துவிட்டதால் எல்லாவற்றையும் பிரித்தோம். மாமாவுக்கு இரண்டாவது தடவையாக அதே செலவு. எனக்கு அதுதான் மனசு ஆறவில்லை.

திரும்பப் பூட்டும்போது செய்ததைச் சொல்கிறேன். சிலிண்டர்களுக்கு அடியில் வைக்கும் ஷிம்களை, அதாவது உயரம் சரிசெய்யும் மெல்லிய வளையங்களை முதலில் சரிபார்த்தோம், ஒன்று தடிப்பாகவும் ஒன்று மெலிதாகவும் இருந்தால் ஹெட் உயரம் மாறி மேனிஃபோல்ட் ஓட்டைகளே நேராக வராது. ஹெட்டுகளை வைத்து, போல்ட்டுகளைக் கையால் மட்டும் போட்டு, ஹெட் கையால் தள்ளினால் நகரும் அளவுக்கு விட்டோம். மூன்று முகத்தையும் கீறல் இல்லாமல் துடைத்துவிட்டு, இரும்புப் பட்டையை மேனிஃபோல்ட் ஸ்டட்டுகளிலேயே மாட்டி, நட்டுகளைச் சீராக முடுக்கினோம். பட்டை இழுக்கிற இழுப்பில் மூன்று ஹெட்டும் தானாக ஒரே கோட்டுக்கு வந்துவிடும், வராத பக்கத்தை ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டலாம். அதற்குப் பிறகுதான் ஹெட் போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, மேனுவல் சொல்லும் படிகளில் முடுக்க வேண்டும். முக்கியமானது, கடைசிப் படி முடியும் வரை பட்டையைக் கழற்றவே கூடாது. முடுக்கும்போதுதான் ஹெட் திரும்பும். கழற்றியபின் மறுபடி வைத்துப் பார்த்தேன், 0.05 மி.மீ. ஃபீலர்கூட நுழையவில்லை. மேனிஃபோல்டின் முகத்தையும் லேத்தில் கொடுத்துச் சமப்படுத்தி, புது கேஸ்கெட் போட்டோம், சிலிக்கோன் ஒரு துளி வைக்கவில்லை.

உங்கள் வண்டியில் ஒரே ஹெட்தான் என்றால் இந்தத் திரும்பல் வராது, அங்கே ஹெட் வளைந்திருக்கிறதா, கேஸ்கெட் போய்விட்டதா என்று பாருங்கள். வி வடிவ எஞ்சின் என்றால் வேறு கணக்கு. இரண்டு ஹெட்டையும் சீவியிருந்தால் அவை கீழே இறங்கிவிடும், நடுவில் உட்காரும் மேனிஃபோல்ட் போர்ட்டுக்கு நேராக வராது, அதையும் அதற்கேற்ப சீவ வேண்டும்.

ஐம்பது மணி நேரம் ஓடியபின் நேற்று மேனிஃபோல்டைத் திரும்பக் கழற்றி, நடு போர்ட்டை வெள்ளைத் துணியால் துடைத்தேன். மாமா பக்கத்திலேயே நின்றார். துணியில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது, சிவப்பு இல்லை. அவர் துணியை வாங்கி வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி, பூட்டு, சாயங்காலம் ஒரு லோடு இருக்கு" என்றார்.