வெயில்பா!

அல்சூரில் இன்று சொந்தத்தில் ஒரு நிச்சயதார்த்தம். மொட்டை மாடியில் பந்தி நடக்கும்போது ட்ரோன் கேமரா விர்ரென்று மேலே ஏறியது. சித்திகள் எல்லாரும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு கையசைத்தார்கள்.

ராணுவத்தின் பொறியாளர் படைப்பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்து ஓய்வுபெற்ற பெரியப்பா மட்டும் இலையோடு நகர்ந்து ஷாமியானாவுக்கு அடியில் போய் உட்கார்ந்தார். கேட்டால், "வெயில்பா" என்கிறார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு! தலைக்குமேல் கேமரா பறந்தால் ஒளிந்துகொள்ளும் ராணுவ புத்தி போலிருக்கிறது.

1991 வளைகுடாப் போரில் அமெரிக்கப் போர்க்கப்பல்களில் இருந்து பயனியர் என்ற ஆளில்லா விமானம் பறந்தது. அதில் குண்டு கிடையாது, கேமரா மட்டும்தான். ஆனால் அது தலைக்குமேல் சுற்றினால் பின்னாலேயே 16 அங்குல பீரங்கிக் குண்டு வரும் என்று இராக்கியர்களுக்குப் புரிந்துவிட்டது. குவைத்தின் ஃபைலகா தீவில் இருந்த இராக்கிய வீரர்கள் அந்தக் கேமராவைப் பார்த்தே வெள்ளைத் துணியை ஆட்டிச் சரணடைந்தார்கள்.

நம்ம பெங்களூருவில் இருக்கும் ஏ.டி.இ. என்ற பாதுகாப்பு ஆய்வகம் உருவாக்கிய நிஷாந்த் என்ற ஆளில்லா விமானமும் வேவு பார்க்கத்தான் இருந்தது. ஓடுபாதை தேவைப்படவில்லை; லாரியில் இருந்த தண்டவாளத்தில் இருந்து எய்துவிட்டார்கள், பாராசூட்டில் இறங்கியது.

பறக்கிற சமாச்சாரம்தான் எல்லார் கண்ணிலும் படுகிறது. என்னைக் கேட்டால் கஷ்டமான வேலை கீழே, கேமராப் படம் தெரியும் திரைக்கு முன்னால் இருப்பவருக்குத்தான். தெரிவது நிஜ டாங்கியா, காற்றடித்து நிறுத்திய ரப்பர் டாங்கியா என்று அவர்தான் சொல்ல வேண்டும். உக்ரைனில் இரண்டு தரப்புமே இந்த ரப்பர் வித்தையைக் காட்டுகிறார்கள்.