வலக்கை முன்

ஜனவரி 27, 2025

கடைக்கார அண்ணை இன்று பின்னேரம் சைக்கிள் பிரேக்கை மாற்றித் தந்துவிட்டார். இனி வலக்கை முன், இடக்கை பின். பக்கத்திலேயே நின்று பார்த்தேன். முன் குழாய் வலப்பக்கம் எட்டவில்லை, புதிதாக ஒன்று வெட்டிப் போட்டார். பிறகு ஒயில் ஊற்றிக் காற்று எடுத்தார். சின்னச் சின்னக் குமிழாக மேலே ஏறி வந்தது. "இதுக்கு மினரல் ஒயில்தான். காருக்கு ஊத்திற டொட் ஒயிலை விட்டா உள்ளுக்க இருக்கிற சீலெல்லாம் பழுதாப் போயிரும்" என்றார். கடைசிக் குமிழ் வரும்வரை விடவேண்டாம் என்று மூன்று தரமாவது சொல்லியிருப்பேன். அவர் கோபிக்கவில்லை.

ஆறு மாதத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை. மச்சான் சுவிஸிலிருந்து கொண்டுவந்து எனக்கென்று விட்டுப்போன சைக்கிள். அங்கே இடக்கைக்குத்தான் முன் பிரேக். எனக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை.

ஜனவரி 28

வலக்கை முன்.

ஜனவரி 31

அப்புத்தளைப் பயணத்துக்கு வான் காசு கட்டியாயிற்று. அம்மாவிடம் சொன்னேன். "எத்தினை பேர் போறியள்?" "பதினாலு." அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. இரவு சோறு போடும்போதும் கதைக்கவில்லை. பேசாமல் இருப்பதைவிட ஏசலாம்.

பெப்ரவரி 2

விடியப்புறம் பாராளுமன்றப் பக்கம் 40 கி.மீ. கால் சரி, மூச்சும் சரி. பத்தரமுல்லையில் ஒரு நாய் குறுக்கே ஓடியது. இரண்டு கையும் ஒன்றாக இறுகிவிட்டது. விழவில்லை. ஆனால் அந்த ஒரு நொடியில் கண்டி ஹந்தானை மலையில் விழுந்தது முழுக்கத் திரும்பி வந்தது. பின் பிரேக் என்று நினைத்து இடக்கையால் பிடித்தது, முன் சில் நின்றது, நான் நிற்காமல் போனது. தோள் எலும்பு முறிகிற சத்தம் வெளியே கேட்காது, உள்ளே கேட்கும்.

2022 இல் பெற்றோல் வரிசையில் நின்று அலுத்துத்தான் லுமாலா சைக்கிள் ஒன்று வாங்கினேன். அதில் பழகிய கை இது. கையைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

கொழும்பில் எங்கே போய் இறக்கம் பழகுவது? எங்கள் தொடர்மாடியில் வாகனத் தரிப்பிடத்துக்கு இறங்கும் சாய்வு ஒன்றுதான் இருக்கிறது.

பெப்ரவரி 4

சுதந்திர சதுக்கத்தில் வைபவம், அந்தப் பக்க வீதிகளெல்லாம் மூடல். கீழ்த்தளச் சாய்விலேயே முப்பது தரம் ஏறி இறங்கினேன். வாட்சர் ஐயா கதிரையைத் தள்ளிப் போட்டுவிட்டு, கார் வந்தால் கை காட்டினார். வளைவுக்கு முன்னால் பிடி, வளைவில் விடு. ஒரு விரல் போதும். இருபதாவது தரத்துக்குப் பிறகு யோசிக்காமல் வந்தது.

பெப்ரவரி 7

ரயரில் காற்று 26 psi. இரவு 2 மணிக்கு வான். பையைத் திறந்தால் உள்ளே ஒரு கட்டிச் சவர்க்காரம், அட்டைக்குக் காலில் பூச. அம்மா வைத்திருக்கிறா. இன்னும் கதைக்கவில்லை.

பெப்ரவரி 8, அப்புத்தளை

அவிசாவளை, இரத்தினபுரி, பலாங்கொடை, பெரகலை. சைக்கிள்கள் பின்னால் லொறியில். வான் கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அடித்தது. பின்னேரம் தம்பேதன்னைப் பக்கம் ஓடினோம். பை வார், முறிந்த தோளில் தட்டு வைத்த இடத்தில் உரசுகிறது. உள்ளே துவாயை மடித்து வைத்தேன்.

பெப்ரவரி 9

இருட்டோடு வெளிக்கிட்டோம். 1890 இல் தேயிலை வியாபாரி லிப்டன் கட்டிய தொழிற்சாலையைத் தாண்டி, லிப்டன் இருக்கை என்கிற மலை முனை வரைக்கும் சுமார் ஏழு கி.மீ. ஏற்றம். வெயில் ஏறினால் மேகம் மூடிவிடும் என்று எங்கள் குழுக் கப்டன் யாரையும் நிற்கவிடவில்லை. மேலே போனபோது தெற்கே எல்லாம் திறந்து கிடந்தது. உடவளவை நீர்த்தேக்கம் தகடு மாதிரி மின்னியது. எல்லோரும் படம் எடுத்தார்கள். நான் பிரேக் ரோட்டரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இறங்கியது தார் றோட்டால் அல்ல, தேயிலைக்குள் போகும் கல் பாதையால். ஞாயிற்றுக்கிழமை என்றாலும் கைக்காசுக்குக் கொழுந்து பறித்துக்கொண்டு நின்றார்கள். ஓர் அம்மா கூடையோடு திரும்பி, "தம்பி, பாத்துப் போங்க. அந்த முடக்குல கல்லு பெரண்டு கெடக்கு" என்றார். வழியெல்லாம் எனக்குக் கிடைத்த புத்திமதிகளில் அதுதான் உருப்படியானது.

முதல் முடக்கு. இரண்டாவது. வலது ஆள்காட்டி விரல் பிடியில், மற்ற நாலும் ஹாண்டிலைச் சுற்றி. இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, பெடல் இரண்டும் மட்டமாக. மூன்றாவதில் அந்தக் கற்கள். முன் சில் இடப்பக்கம் வழுக்கியது. இறுகப்போகிறது என்று நினைத்தேன். விரல் விட்டது. நான் சொல்லவில்லை, அதுவாக விட்டது. சில் உருண்டு, மண்ணைப் பிடித்து, நேரானது.

கீழே வந்து ஓரமாக நிறுத்தினேன். சூடேறிய இரும்பு மணம். கை நடுங்கியது, அழுகையும் வந்தது. கப்டன் ஒன்றும் கேட்காமல் தண்ணிப் போத்தலை நீட்டினார்.

மத்தியானத்துக்குச் சற்று முன் கடையில் சாப்பிடும்போது கரண்ட் போனது. நாடு முழுக்கவே கரண்ட் இல்லையாம், பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்ததாம். அம்மாவுக்கு அழைப்பு போகவேயில்லை. இருட்டுகிற நேரம்தான் கிடைத்தது. "விழேல்லை" என்றேன். "சரி" என்றா.

பெப்ரவரி 11

தைப்பூசம். அம்மா பம்பலப்பிட்டி கதிரேசன் கோவிலால் வந்து, நெற்றியில் பூசிய விரலாலேயே தோள் தழும்பிலும் திருநீறு பூசினா. பிறகு என்னோடு கீழே வந்து, சைக்கிளைச் சுற்றிப் பார்த்து, வலப்பக்கப் பிடியை ஒருதரம் அழுத்தினா. முன் சில்லைத் தள்ளிப் பார்த்தா. அசையவில்லை. இன்னுமொருதரம் அழுத்தினா.

பெப்ரவரி 13

தட்டு இருக்கும் இடம் கொஞ்சம் சூடாக இருக்கிறது. வார் உரசியதாலாக இருக்கும். நாளைக்குக் காட்ட வேண்டும். அம்மாவிடம் இன்னும்