காரை விற்கும் முன் போட வேண்டிய விலைக் கணக்கு

கிருஷ்ணகிரியிலோ ஓசூரிலோ உட்கார்ந்து போனில் பழைய கார் விலையைத் தேடினால், வரிசையாக வந்து நிற்பவை பெரும்பாலும் பெங்களூரு வண்டிகள். அந்த விலையை டி.என். 24, டி.என். 29, டி.என். 70 வண்டிக்கு அப்படியே ஒட்டவைக்க முடியாது. மாநிலம் மாறும் வண்டிக்கு படிவம் 28-இல் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) எடுக்க வேண்டும், புதிய மாநிலத்தில் ஆயுட்கால வரி கட்ட வேண்டும், நம்பர் மாற்ற வேண்டும். வாங்குபவர் இதையெல்லாம் உங்கள் விலையில்தான் கழிப்பார். அதனால் நம்மூர் வண்டிக்கு தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் விலைகளைப் பாருங்கள். கே.ஏ. நம்பரை வைத்துக்கொண்டு ஓசூரில் இருப்பவர் பெங்களூருவில் விற்பதே நல்லது.

அதே மாடல், அதே வேரியண்ட், அதே எரிபொருள், அதே வருடம் என்று பத்துப் பன்னிரண்டு வண்டிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். வருடம் என்றால் தயாரித்த வருடம். டிசம்பரில் தயாரித்து ஜனவரியில் பதிவான வண்டியை விவரம் தெரிந்தவர் பழைய வருடக் கணக்கில்தான் கேட்பார், ஆர்.சி.யில் தயாரித்த மாதமே இருக்கிறது. மேலே இரண்டு, கீழே இரண்டு விலைகளைத் தள்ளிவிட்டு நடுவில் உள்ளதை எடுங்கள். அதுவும் கேட்கும் விலைதான். மாதக்கணக்கில் விற்காமல் கிடக்கும் வண்டியின் விலையைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

இன்சூரன்ஸ் பாலிசியில் உள்ள ஐ.டி.வி.யை, அதாவது வண்டிக்கு அவர்கள் போட்ட காப்பீட்டு மதிப்பை, காட்டிப் பேரம் பேசுபவர்கள் உண்டு. நான்கு முடிந்து ஐந்து ஆண்டுக்குள் இருந்தால் 50 சதவீதம் தேய்மானம் என்பது எல்லா வண்டிக்கும் பொதுவான அட்டவணை. உங்கள் வண்டியின் நிலை அதில் வராது.

இனி கழிவு. நடு விலை 4,30,000 என்று வைத்துக்கொள்வோம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். பட்டன் நன்றாக இருந்தாலும் ஆறு வருடத்துக்கு மேல் ஆன டயரை மாற்ற வேண்டியதாகவே எண்ணுவார்கள். நான்குக்கும் 18,000, பேட்டரி 5,000, கிளட்ச் 10,000 என்று உங்கள் ஊர்க் கடையில் சொன்னால், மிஞ்சுவது 3,97,000. அதுதான் அடிவிலை. பேரத்துக்கு அதன்மேல் பதினைந்தாயிரம் வைத்துக் கேளுங்கள்.

கிளட்சை நீங்களே பார்த்துவிடலாம். ஹேண்ட்பிரேக் போட்டு, மூன்றாவது கியரில் வைத்து, பெடலை மெதுவாக விடுங்கள். எஞ்சின் உடனே அணைய வேண்டும். அணையாமல் உறுமினால் தகடு வழுக்குகிறது. ஓசூரிலிருந்து தினமும் எலெக்ட்ரானிக் சிட்டி நெரிசலில் போய்வந்த வண்டியில் கிலோமீட்டரைவிட இதுதான் முக்கியம். தொப்பூர் கணவாயில் அடிக்கடி பிரேக்கை மிதித்தே இறங்கிய வண்டியென்றால், 80 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் போடும்போது ஸ்டியரிங் நடுங்குகிறதா என்று பாருங்கள். நடுங்கினால் டிஸ்க் கோணியிருக்கலாம்.

நம் பக்கத்து வண்டிகளில் தனியாகப் பார்க்க வேண்டியது கூலண்ட் டப்பா. போர்வெல் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் கலந்த கடினத் தண்ணீர். கூலண்டுக்குப் பதில் அதை ஊற்றி ஓட்டினால் ரேடியேட்டர் குழாய்களுக்குள் படிந்து எஞ்சின் சூடேறும். டப்பாவில் வெள்ளைப் படிவோ துருநிறமோ தெரிந்தால், வாங்குபவரோடு வரும் மெக்கானிக் ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) வரை சந்தேகப்பட்டு விலையை இறக்குவார். ஆயில் மூடியின் உட்புறம் பால் நிறத்தில் இருந்தால் அந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கும். எஞ்சின் ஆறியபின், விற்பதற்கு முன்பே ஃப்ளஷ் செய்து சரியான கூலண்ட் ஊற்றிவிடுங்கள். செய்ததை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

விற்பதற்காகப் புதிதாக பெயிண்ட் அடிக்காதீர்கள். சின்னக் கீறலுக்கு விலை குறைவது கொஞ்சம்தான். பட்டி பார்த்து அடித்த கதவைத் தட்டினால் சத்தமே காட்டிக்கொடுக்கும், விபத்து வண்டி என்ற பேச்சும் வந்துவிடும்.

கடன் முடிந்தும் ஆர்.சி.யில் வங்கிப் பெயர் நிற்கிறதென்றால் முதலில் படிவம் 35 கொடுத்து எடுத்துவிடுங்கள். நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் கேட்காத வருடங்களுக்காக பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, வண்டியோடு போவதில்லை, உங்களுடையது. இன்சூரன்ஸ் நிறுவனத்தில் கடிதம் வாங்கினால் மூன்று வருடத்துக்குள் அடுத்த காருக்குப் பயன்படும். 50 சதவீதம் வரை சேர்ந்திருந்தால் அதுவும் பணம்தான்.

பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு, பெயரை மாற்றாமல் வைத்துக்கொள்கிறேன், ஐயாயிரம் கூடத் தருகிறேன் என்று புரோக்கர் சொன்னால் அந்த ஐயாயிரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பெயர் மாறும்வரை விபத்து நடந்தால் இழப்பீட்டுக்குப் பொறுப்பு பதிவில் உள்ள உரிமையாளரே என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது.