சாட்ஸ்வொர்த் சமையலறைக்குள் ஒரு மேசை
தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் போன்ற பகுதி வீடுகளில் சமையல் மேடையையே அலுவல் மேசையாக நீட்டிவிடுபவர்கள் உண்டு. முதல் தவறு அதுதான். மேடை 900 மில்லிமீட்டர் உயரம். உட்கார்ந்து தட்டச்சு செய்ய 730 போதும். அந்த இடத்தில் மட்டும் பலகையைத் தாழ்த்துங்கள். அகலம் 900, ஆழம் 600. கால் நீட்ட வேண்டும், அடியில் அலமாரி கூடாது.

அடுப்பிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். தாளிக்கும் எண்ணெய்ப்புகை மடிக்கணினி விசிறிக்குள் பிசினாகப் படியும். புகைபோக்கி காற்றை வெளியே தள்ள வேண்டும்; காற்றை வடிகட்டி அறைக்குள்ளேயே திருப்பிவிடும் வெறும் கரி வடிகட்டி நம் சமையலுக்குத் தாங்காது.

கடற்காற்று ஈரத்தில் சிப்போர்டு (மரச்சில்லுகளை ஒட்டி அழுத்திய பலகை) உப்பத் தொடங்குவது வெட்டிய ஓரத்தில்தான். தொட்டிக்கும் மின்கம்பிக்கும் போட்ட துளைகளின் விளிம்பையும் சிலிக்கோனால் பூசுங்கள். அலமாரிப் பெட்டிகளை 100 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் கால்களில் நிறுத்தினால் தரை கழுவும் தண்ணீர் ஏறாது. கைப்பிடி இல்லாத வெள்ளைக் கதவு அழகுதான். மஞ்சள் விரல் தடம் லேசில் போகாது.